பெர்மிட் தேடி மூன்று பயணம், பதினொரு வாய்ப்பு, ஒரு மீனும் இல்லை

ஒற்றைத்துடுப்பு:

வணக்கம். பிடித்த மீனைப் பற்றி எழுத இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிடிக்காத மீனைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஐந்து வருடத்தில் மூன்று முறை பெர்மிட் என்ற கடல்மீனுக்காகவே போய்வந்தேன். முதல் இரண்டும் மெக்சிகோவின் யுகாடான் கரையில் இருக்கும் அசென்ஷன் வளைகுடா. மூன்றாவது பெலிஸ் நாட்டின் டர்னெஃப் பவளத்தீவு. ஒவ்வொரு முறையும் ஆறு நாள் தண்ணீரில். முதல் பயணத்தில் இரண்டு நாளை வடக்கிலிருந்து அடித்த குளிர்காற்று தின்றுவிட்டது. மீதி நாட்களையெல்லாம் சேர்த்தால் பதினொரு வாய்ப்பு. பெயர்தான் பெர்மிட், எனக்கு அனுமதி மட்டும் கிடைத்தபாடில்லை.

கடைசி வாய்ப்பை மட்டும் சொல்கிறேன். ஐந்தாம் நாள் மதியம், ஏற்ற ஓதம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தொடையளவுத் தண்ணீர், அடியில் கடற்புல். பின்னால் மேடையில் நின்று கழி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்த கைடு மெதுவாக, "பதினொரு மணி, அறுபது அடி, இடப்பக்கம் போகுது" என்றார். (படகின் மூக்குதான் பன்னிரண்டு மணி. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்.) பார்த்தேன், புல்தான் தெரிந்தது. "ஐம்பது அடி" என்றார். மறுபடியும் புல். அப்புறம் திடீரென்று தண்ணீருக்கு மேலே ஒரு கறுப்பு வால், அரிவாள் மாதிரி வளைந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு ஆடியது. கண்டதும் முழங்கால் நடுங்கிவிட்டது. பொய்யில்லை.

வீசினேன். எப்படியோ ஃப்ளை (முள்ளில் நூல் மாதிரி எதையாவது கட்டிச் செய்கிற பொய் இரை) அதன் முன்னால் மூன்றடி தள்ளி விழுந்தது. மீன் திரும்பியது, வேகமாக வந்தது, தலையைக் கீழே குத்தி வாலைத் தூக்கியது. "இழு" என்று கைடு சொன்ன அதே நொடியில் என் கை தூண்டில் கம்பை மேலே தூக்கிவிட்டது. லைன் காற்றில் பறந்து என் தொப்பியில் வந்து விழுந்தது. மீனைக் காணோம். கைடு ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என் கேள்விகள் இரண்டு. ஒன்று, ஒன்பது விதமான நண்டு ஃப்ளை மாற்றிப் பார்த்துவிட்டேன், எதைத்தான் கட்ட வேண்டும்? இரண்டு, நான்காவது பயணமும் பெர்மிட்டுக்கேவா, இல்லை இந்தியப் பெருங்கடலின் சீஷெல்ஸ் தீவுகள் பக்கம் போய் ஜிடி (ஜயண்ட் டிரெவல்லி என்ற பாரை மீன்), போன்ஃபிஷ் என்று பிடிபடுகிற மீனைத் தேடுவதா?

கரைநண்டு:

ஒற்றைத்துடுப்பு, பதினொரு வாய்ப்பு என்கிறீர்களே, அதை எப்படி எண்ணினீர்கள்? கைடு கை நீட்டியதெல்லாம் வாய்ப்பா, இல்லை ஃப்ளை சரியான இடத்தில் விழுந்தது மட்டுமா? பொறுமையாக உட்கார்ந்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஒன்பது ஃப்ளை மாற்றியதாகச் சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குறை ஃப்ளைப் பெட்டிக்குள் இருப்பதாக நம்புவது சுகமாக இருக்கும், ஏனென்றால் பெட்டியை மாற்றிவிடலாம். தோளை மாற்ற முடியாது.

முதலில் ஃப்ளையை முடித்துவிடுகிறேன். டெல் பிரவுன் என்ற அமெரிக்கர் வாழ்நாளில் 500க்கும் மேற்பட்ட பெர்மிட்டை ஃப்ளையில் பிடித்தவர். அவர் பெயரோடு சேர்ந்து நிற்கும் மெர்க்கின் என்ற நண்டு ஃப்ளையைப் பார்த்தால் சிரிப்பு வரும். கம்பளி நூல் துண்டுகளை முள்ளின் குறுக்கே வரிசையாகக் கட்டி, ரப்பர் கால் நாலைந்து தொங்கவிட்டு, ஈயக் கண் வைத்தது, அவ்வளவுதான். அதில் முக்கியம் அந்தக் கண். ஆபத்து வந்தால் நண்டு நீந்தி ஓடிக்கொண்டே இருக்காது, சடக்கென்று அடிக்குப் போய் மணலில் புதையும். பெர்மிட் எதிர்பார்ப்பது அந்த இறக்கத்தைத்தான். தண்ணீரின் ஆழத்துக்கும் மீன் போகும் வேகத்துக்கும் ஏற்ற எடையில் கண் இருந்தால் நிறமெல்லாம் இரண்டாம்பட்சம். மூன்று எடையில் ஒரே ஃப்ளை வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஆறையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த ஐந்தாம் நாள். மூன்றடி முன்னால் விழுந்தது, மீன் திரும்பியது, தலை குத்தியது. அதாவது மீன் ஃப்ளையை எடுத்துவிட்டது அல்லது எடுக்கப் போனது. பெர்மிட் நண்டைக் கவ்விக்கொண்டு ஓடுகிற மீன் இல்லை. உறிஞ்சும், தொண்டையில் இருக்கும் தகடுகளால் நொறுக்கும், பிடிக்கவில்லை என்றால் உடனே துப்பிவிடும். அந்த இடைவெளி ரொம்பச் சின்னது. உங்கள் கைக்கு அது தெரியவே தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும். வால் மேலே வந்ததும் கம்பைத் தண்ணீரை நோக்கியே வைத்து, லைன் பிடித்த இடது கையால் மட்டும் நீளமாக, வழவழவென்று ஒரு இழுப்பு. கனம் தட்டினால் தொடர்ந்து இழுங்கள். தட்டாவிட்டால் ஃப்ளை ஒரு அடிதான் நகர்ந்திருக்கும், நண்டு தப்பிக்கிறது என்று மீன் இன்னொருமுறை வரும். கம்பைத் தூக்கினால் ஃப்ளை அதன் உலகத்தை விட்டே போய்விடுகிறது.

நீங்கள் ஆற்றில் டிரவுட் பிடித்துப் பழகியவர் என்று நினைக்கிறேன். அந்தக் கை அப்படித்தான் போகும். எனக்கு அது மறக்க நான்கு வருடம் ஆனது.

பவளத்திட்டு:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். சீஷெல்ஸின் வெளித்தீவுகளுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், முதலில் அல்ஃபோன்ஸ், அப்புறம் கோஸ்மொலிடோ. "பிடிபடுகிற மீன்" என்று ஜிடியைச் சொன்னீர்களே, அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தூரத்தை முதலில் மனதில் வையுங்கள். சீஷெல்ஸின் முக்கியத் தீவான மாஹேயிலிருந்து அல்ஃபோன்ஸ் தென்மேற்கே சுமார் 400 கிலோமீட்டர், சின்ன விமானத்தில் ஒரு மணி நேரம். கோஸ்மொலிடோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அங்கே ஓடுதளமே கிடையாது. பக்கத்திலிருக்கும் அஸ்டோவில் இறங்கிப் படகில் போக வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு தென்கிழக்குக் காற்று பிடித்துக்கொள்ளும், அதனால் அக்டோபரிலிருந்து மே தொடக்கம் வரைதான் ஆட்கள் போகிறார்கள். சோமாலியக் கடற்கொள்ளையர் பயம் இருந்த காலத்தில் அந்தப் பக்கமே சில வருடம் யாரும் போகவில்லை.

ஜிடி என்றால் பெரும்பாரை. ஃபார்க்வார் தீவில் தண்ணீருக்கு மேலே தாழப் பறக்கும் ஆலாக் குஞ்சுகளை எம்பிப் பிடிக்கிற அதே மீன். 12 எண் கம்பு (எண் கூடினால் கம்பின் பலமும் கூடும்), 130 பவுண்டு தாங்கும் லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் இழை), ரீலின் பிரேக்கான டிராக்கை முடிந்தவரை இறுக்கி வைப்பது. பெர்மிட்டுக்கு வேண்டிய நளினம் எதுவும் இங்கே வேண்டாம் என்று நினைத்துத்தான் நானும் போனேன்.

கோஸ்மொலிடோவில் மூன்றாம் நாள், முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு பெரிய திருக்கை மணலைக் கிளறிக்கொண்டு வந்தது, அதன் முதுகுக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு ஒரு கறுத்த உருவம். திருக்கை கிளப்பிவிடும் நண்டையும் மீனையும் பிடிக்கப் பாரை இப்படிக் கூடவே வரும். திருக்கையின் மூக்குக்குச் சற்று முன்னால் வீசினேன், கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் லைனை இழுத்தேன். அது திருக்கையை விட்டுப் பிரிந்து வந்த வேகத்தில் முன்னால் தண்ணீர் ஒரு மேடாக எழும்பியது. வாயைத் திறந்தது தெரிந்தது, உள்ளே வெள்ளையாக. முள் ஏறிவிட்டது. அடுத்த நொடி, காலடியில் மிதந்துகொண்டிருந்த லைனில் ஒரு சுற்று ரீலின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. பட்டென்று ஒரு சத்தம். 130 பவுண்டு லீடர் அறவில்லை, அதற்குப் பின்னால் இருந்த ஃப்ளை லைனே அறுந்துபோயிற்று. முழுக்க முழுக்க என் தவறு. வீசுவதற்கு முன்னால் லைன் எங்கே கிடக்கிறது என்று ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும்.

அதனால் பெர்மிட் கஷ்டம், ஜிடி சுலபம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பெர்மிட் உங்களைப் பார்க்காமலே அவமானப்படுத்தும், ஜிடி நேராக வந்து அவமானப்படுத்தும், அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணிக்கை வேண்டுமென்றால் அல்ஃபோன்ஸுக்குப் பக்கத்தில் செயின்ட் ஃபிரான்சுவா திட்டு. போன்ஃபிஷ் அங்கே கூட்டம் கூட்டமாக வரும், மனசு தேறும்.

உங்கள் குணத்துக்கு இன்னொன்றும் சொல்கிறேன், கிளாத்தி. டிரிகர்ஃபிஷ். உடைந்த பவளத்துக்கு நடுவே தலைகீழாக நின்று, மஞ்சள் வாலை வெளியே தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருக்கும். நண்டு ஃப்ளையைத்தான் எடுக்கும், பெர்மிட் மாதிரியே யோசிக்கும், நிழல் பட்டால் ஓடும். முள் ஏறினாலும் நேராக ஏதாவது ஒரு பொந்துக்குள் போய் முதுகு முள்ளை நிமிர்த்தி ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பல்லால் தூண்டில் முள்ளையே நசுக்கிவிடும். என் பெட்டியில் நசுங்கிய முள் மூன்று இருக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை.

புதுத்தூண்டில்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் உப்புத்தண்ணீரில் ஒரு ஃப்ளைகூட வீசியதில்லை. நேராகப் பெர்மிட்டுக்கே போய்விடலாமா? வாழ்நாளில் ஒரே ஒரு பயணம்தான் முடியும் போலிருக்கிறது.

உப்புக்காற்று:

புதுத்தூண்டில், வேண்டாம். ஒரே பயணம் என்றால் போன்ஃபிஷுக்குப் போங்கள். என் ஓட்டு கிரிபாட்டி நாட்டின் கிரிடிமாட்டி, அதாவது பசிபிக்கில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவு. 1777 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேப்டன் குக் கண்டதால் அந்தப் பெயர். நிலப்பரப்பில் உலகிலேயே பெரிய பவளத்தீவு. வெள்ளை மணல் திட்டு, கெட்டியான தரை, மைல் கணக்கில் நடக்கலாம். ஹொனலூலுவிலிருந்து போனால் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை, மணி அதே மணிதான். தேதி மட்டும் ஒரு நாள் முன்னால் போய்விடும். திரும்பும்போது அந்த நாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

போன்ஃபிஷ் கண்ணாடி மாதிரி. உடம்பு முழுக்க அடித்தரையைப் பிரதிபலிக்கும். மீனைத் தேடினால் கிடைக்காது, மணலில் நகரும் நிழலைத் தேடுங்கள், நிழலுக்கு மேலே மீன் இருக்கும். 8 எண் கம்பு, வெப்பக் கடலுக்கென்று செய்த லைன் (குளிர்நாட்டு லைன் அங்கே கொழகொழத்துப் போகும்), ரீலில் குறைந்தது 150 கஜம் பேக்கிங் (மீன் ஓடும்போது விட லைனுக்குப் பின்னால் சுற்றிவைக்கும் மெல்லிய நூல்). ஃப்ளைக்குக் கிரேஸி சார்லி போதும். 1977இல் பஹாமாஸின் ஆண்ட்ரோஸில் பிறந்தது. முள் மேல்நோக்கித் திரும்பியிருப்பதால் தரையில் மாட்டாது. ஒரு நாளைக்கு நிறைய வாய்ப்பு வரும், அதில் பாதியைக் கெடுத்தாலும் மீதியில் கற்றுக்கொள்வீர்கள். பெர்மிட் அப்படி மன்னிக்காது, ஒற்றைத்துடுப்பைக் கேளுங்கள்.

அப்புறம் காற்று. வீசுகிற கை பக்கமிருந்து காற்று அடித்தால் லைன் உங்கள் தலையை நோக்கித்தான் வரும். எனக்கு ஒருமுறை 2 எண் முள் காது மடலில் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வந்தது. நல்லவேளை, காலையிலேயே முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்முனையை இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தேன். கைடு ஒரு இழுப்பில் எடுத்துவிட்டார். நசுக்காமல் இருந்திருந்தால் பக்கத்து மருத்துவமனைக்கு விமானத்தில்தான் போயிருக்க வேண்டும். மீனுக்காக நசுக்குகிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் காதுக்காகவும்தான்.

தடித்த அடிப்பாகம் உள்ள தண்ணீர்க் காலணி, போலரைஸ்டு கண்ணாடி இரண்டு (ஒன்று கட்டாயம் தொலையும்), பவளம் கீறினால் அன்றே கழுவித் துடைத்துப் போட மருந்து. பவளக் கீறலை அலட்சியம் செய்தால் சீழ் பிடித்து ஒரு வாரம் நடக்க முடியாது. மணலில் காலைத் தூக்கி வைக்காதீர்கள், தேய்த்துக்கொண்டே நடங்கள், திருக்கை விலகிப் போகும். ஆபத்து என்றால் விமானத்தில் தூக்கிவரும் காப்பீடு இல்லாமல் இந்தப் பக்கமெல்லாம் கிளம்பவே கூடாது.

நீர்க்காகம்:

எல்லோரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது கசப்பாக ஒன்று கேட்கிறேன். பிடித்து விட்டுவிடுவதற்காக உலகத்தைப் பாதி சுற்றிப் போகிறோம். நீங்கள் புகழ்ந்த அதே கிரிடிமாட்டியில் 2015-16 எல் நினோ வெப்பத்தில் பவளத்தில் பெரும்பகுதி செத்துப்போனது. நாம் போகிற விமானத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அதுபோக, விட்ட மீன் பிழைக்கிறதா என்று யார் பார்த்தது? போன்ஃபிஷை விட்ட அரை நிமிடத்தில் சுறா அதை இரண்டாக்கியதை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

கரைநண்டு:

நீர்க்காகம், விமானம் பற்றி என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன்.

மீன் விஷயத்தில் மட்டும் பேசுகிறேன். நீங்கள் பார்த்தது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். ரொம்ப நேரம் லைனில் போராடவிட்டு, தண்ணீருக்கு வெளியே தூக்கிப் படம் எடுத்து விட்டால் போன்ஃபிஷுக்கு நிலை தடுமாறும். அது மல்லாந்து தத்தளிக்கும்போதுதான் எலுமிச்சைச் சுறா வருகிறது. அதனால் என் வழக்கம் இது: சுறா சுற்றிக்கொண்டிருக்கும் திட்டில் வீசுவதில்லை. முள் ஏறிய பிறகு சுறா வந்தால் லைனை இறுக்கிப் பிடித்து வேண்டுமென்றே அறுத்துவிடுவேன். மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுவேன். படமே எடுப்பதில்லை. என் வீட்டில் யாரும் நான் மீன் பிடித்ததையே நம்புவதில்லை, அது வேறு கதை.

இன்னொன்று. பெலிஸில் 2009 முதல் பெர்மிட், டார்பன், போன்ஃபிஷ் மூன்றையும் பிடித்தால் விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உயிரோடு இருக்கும் பெர்மிட்டை நம்பிப் பல கைடு குடும்பங்கள் பிழைக்கின்றன. நம்மைப் போன்றவர்கள் வராமல் போனால் அந்தச் சட்டத்துக்காக அங்கே குரல் கொடுக்க ஆள் குறைவார்கள். இது உங்கள் கேள்விக்கு முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீர்க்காகம்:

முழுப் பதில் இல்லைதான். ஆனால் வேண்டுமென்றே அறுப்பேன் என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி நான் வீட்டிலேயே இருக்கிறேன்.

ஒற்றைத்துடுப்பு:

எல்லோருக்கும் நன்றி. கரைநண்டு சொன்னபடி பழைய குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரித்துப் பார்த்த கணக்கு:

மூன்று தடவை நான் மீனையே பார்க்கவில்லை, கைடு காட்டிய திசையில் குத்துமதிப்பாக வீசினேன். இரண்டு தடவை லைன் காலில் மாட்டியது. (பவளத்திட்டு, உங்கள் ரீல் கதையைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.) மூன்று தடவை ஃப்ளை வாலுக்குப் பின்னாலோ பத்தடி குறைவாகவோ விழுந்தது, மூன்றுமே வலப்பக்கக் காற்று. ஒரு தடவை சரியாக மீனின் தலையிலேயே போட்டேன், அது போன வேகத்தை இன்னும் மறக்கவில்லை. மீதி இரண்டு. ஒன்றில் மீன் ஃப்ளைக்குப் பக்கத்தில் வந்து, நின்று, பார்த்துவிட்டுப் போனது. மற்றது அந்த ஐந்தாம் நாள்.

ஆக, பதினொன்று இல்லை. இரண்டு.

ஒன்பது ஃப்ளை மாற்றியிருக்கிறேன், அதில் ஏழை எந்த மீனும் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. இப்படி எழுதிப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாகவும், விநோதமாக ஆறுதலாகவும் இருந்தது. அதனால் சீஷெல்ஸ் இப்போதைக்கு இல்லை. கிளாத்தி மட்டும் ஆசை காட்டுகிறது, அது இன்னொரு வருடம். நான்காவதும் பெர்மிட்டுக்கேதான், ஆனால் அடுத்த வருடம் இல்லை, அதற்கடுத்த வருடம்.

அதுவரை ஒரு பழைய சைக்கிள் டயரைப் புல்லில் போட்டு, ஐம்பது அடி தள்ளி ஒரு முக்காலி மேல் நின்று வீசிப் பழகுகிறேன். வீட்டில் ஒருவர் பின்னால் நின்று "பத்து மணி, நாற்பது அடி" என்று கத்த வேண்டும், நான் அந்தத் திசைக்குத் திரும்பி, கம்பை முன்னும் பின்னும் இரண்டே ஆட்டலுக்குள் வீசிவிட வேண்டும். டயர் ஒரே இடத்தில் கிடக்காது, ஒவ்வொரு வீச்சுக்கும் அவர்களே இழுத்து மாற்றிவைப்பார்கள். விழுந்ததும் கம்பைத் தூக்காமல் இடது கையால் ஒரு இழுப்பு. நேற்று இருபது வீச்சில் ஏழு டயருக்குள் விழுந்தது. கம்பைத் தூக்கியது நான்கு தடவை.

கரைநண்டு:

ஏழு நல்ல எண்ணிக்கை. நேற்று காற்று எப்படி?

ஒற்றைத்துடுப்பு:

நேற்று இலைகூட அசையவில்லை.

கரைநண்டு:

சரி, காற்று அடிக்கிற அன்று எழுதுங்கள். வலப்பக்கமிருந்து அடிக்கிற அன்று.